அண்ணாவுக்குப் போட்ட மார்க்

1

அண்ணாவுக்கு நூற்றுக்கு ஐம்பத்தொன்று போட்டிருந்தார்கள்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பட்டப்படிப்பு முடித்தவர்கள் மருத்துவம் படிக்கப் போவதென்றால் இங்கே ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். விஞ்ஞானம் ஒரு பகுதி, வாசித்து விளங்கிப் பதில் சொல்வது ஒரு பகுதி, கட்டுரை ஒரு பகுதி. கட்டுரையில் ஒன்றைச் சொந்த அனுபவத்திலிருந்து எழுதச் சொல்வார்கள். நான் என் அண்ணாவைப் பற்றி எழுதினேன். விஞ்ஞானத்தில் எனக்கு நல்ல மார்க். வாசிப்பிலும் பெரிய குறையில்லை. அண்ணாதான் என்னைக் கவிழ்த்துவிட்டான்.

மார்க் வந்தபோது வேலையில் இருந்தேன். டண்டினோங்கில் ஒரு கிளினிக்கில் ஸ்கான் எடுப்பதுதான் என் வேலை. வயிற்றில் ஜெல் பூசிக் கருவியை உருட்டினால் திரையில் எல்லாம் தெரியும். கல் தெரியும், கட்டி தெரியும், துடிக்காமல் நின்றுபோன குழந்தையின் இதயமும் தெரியும். ஆனால் நான் வாய் திறக்கக்கூடாது. "டாக்டர் சொல்லுவார்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முகத்தைக்கூட ஒரே மாதிரியாக வைத்துக்கொள்ளப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு நாள் எங்கள் ஆட்களில் ஒரு பிள்ளை, முதல் கர்ப்பம், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்கட முகம் சரியில்ல. என்னெண்டு சொல்லுங்கோ" என்று கேட்டது. டாக்டர் சொல்லுவார் என்றேன். பிறகு கார் நிறுத்துமிடத்தில் போய் இருந்து அழுதேன். எனக்குத் தெரிந்ததை நானே சொல்லுகிற இடத்துக்கு வரவேண்டும் என்று அன்றைக்குத்தான் தேர்வுக்குப் பதிந்தேன். வயது முப்பத்தெட்டு. விசர் வேலைதான். ஆனால் என் வாழ்க்கையில் நான் வேறெதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அதைத்தான் அந்த ஐம்பத்தொன்று தட்டிவிட்டது.

2

நோபல் பார்க் என்கிற புறநகரில் எங்கள் வீட்டில் நான்கு பேர். நான், இவர், எங்கள் மகள் மிதுனா, என் அம்மா. இவர் டிராம் ஓட்டுகிறார். செய்தியைச் சொன்னதும் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, விடும். ஸ்கான் எடுக்கிறதும் நல்ல வேலைதானே" என்றார். ஆறுதல் சொல்லுகிறாராம். மிதுனாவுக்குப் பதினொரு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற வயது. "சோ, யூ ஃபெயில்ட்?" என்று கண்ணை விரித்தது. அதன் பள்ளிக்கூடத்தில் யாரும் ஃபெயில் ஆவதில்லை, 'இன்னும் அந்த நிலையை எட்டவில்லை' என்றுதான் ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். தாய் உண்மையாகவே ஃபெயில் ஆனதில் அதற்குக் கொஞ்சம் பெருமைகூட.

அம்மாதான் அலட்டிக்கொள்ளவில்லை. குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே, "இதென்ன பெரிய விசயமே? ரெண்டாந்தரம் எழுதன். எங்கட வீட்டில ரெண்டாந்தரம் எழுதாத ஆள் ஆர் இருக்கினம்?" என்றார்.

சொல்லிவிட்டு வெட்டுகிற கை நின்றது. இவர் மெல்ல எழும்பி வெளியே போய்விட்டார்.

எங்கள் வீட்டில் இரண்டாம் தரம் எழுதப் போனவன் அண்ணா. ரமணன். என்னிலும் இரண்டு வயது மூப்பு. உயர்தரத்தில் கணிதம் செய்தவன். முதல் தரம் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்து பொறியியல் கிடைக்காமல் போனது. சண்டை நடந்து, வெளியூர்ப் பாதை பூட்டிக்கிடந்த காலம் அது. சாமான் இல்லை, பின்னேரமானால் ஊரடங்கு. அப்படியிருந்தும் இரண்டாம் தரத்துக்கென்று ஒவ்வொரு நாளும் நெல்லியடிக்கு ரியூசனுக்குப் போய்வந்தான். ஒரு வியாழக்கிழமை காலையில் போனவன் திரும்பி வரவில்லை. சந்தியில் ஒரு வேன் நின்றதாக ஒருவர் சொன்னார். நிற்கவில்லை என்று இன்னொருவர் சொன்னார். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். இன்றைக்கும் அவ்வளவுதான்.

அப்பா அடுத்த வருடமே போய்விட்டார். அப்பாவின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருக்கிறோம். திதியன்று அவருக்குப் படைக்கிறோம். அண்ணாவின் படம் அங்கே இல்லை. அது ஹோலில், எங்கள் கல்யாணப் படத்துக்கும் மிதுனாவின் நீச்சல் படத்துக்கும் நடுவில், உயிரோடு இருப்பவர்களின் சுவரில் இருக்கிறது. அதைச் சரிபார்த்துத் துடைத்து வைப்பது அம்மா. வேறு யாரையும் தொடவிடமாட்டார்.

ஊரில், காணாமல் போனவர்களுக்கென்று இருக்கிற ஒரு அலுவலகத்தில் இப்போது இரண்டு விதமான சான்றிதழ் கொடுக்கிறார்களாம். இறந்துவிட்டார் என்று ஒன்று, காணாமல் போய்விட்டார் என்று ஒன்று. எதையாவது எடுத்துவிடுங்கள் என்று மாமா ஊரிலிருந்து எத்தனையோ முறை போனில் கேட்டுவிட்டார். அம்மாவின் பதில் ஒன்றுதான். "செத்தவன் எண்டு நான் கையெழுத்து வைக்க மாட்டன். காணேல்ல எண்டதை அவங்கள் எனக்குப் பத்திரத்தில எழுதித் தரத் தேவையில்ல. அது எனக்குத் தெரியும்."

3

ஐம்பத்தொன்றின் காரணத்தை எனக்கு விளங்கப்படுத்தியது டேனியல்.

டேனியல் மருத்துவம் இரண்டாம் வருடம் படிக்கிற வெள்ளைக்காரப் பெடியன். ஞாயிற்றுக்கிழமைகளில் கணினித் திரையில் வந்து, திரும்ப எழுதப் போகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பான். என் கட்டுரையை நினைவில் இருந்து அப்படியே தட்டச்சு செய்து அனுப்பினேன். வாசித்துவிட்டுக் கன்னத்தைத் தடவினான். நல்ல பிள்ளை, மனம் நோகாமல் சொல்லப் பார்த்தான்.

"சுபா, இது பொலிஸ் ரிப்போர்ட் மாதிரி இருக்கே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அது பொலிஸ் ரிப்போர்ட்தான்.

பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், நிறம். கடைசியாகக் கண்ட இடம், நேரம். நீலக் கட்டம் போட்ட ஷேர்ட், கறுப்பு நீளக் காற்சட்டை. சைக்கிளில் சென்றார். இதுதான் வரிசை. அண்ணா போன பிறகு நானும் அம்மாவும் ஏறாத படி இல்லை. பொலிஸ், முகாம், ஆணைக்குழு, வெளிநாட்டுக்காரரின் அலுவலகம், பிறகு புதிதாக வந்த இன்னொரு ஆணைக்குழு. எல்லா இடத்திலும் இதே வரிசையில்தான் கேட்பார்கள். அழக்கூடாது. அழுதால் எழுதுகிறவர் பேனையை மூடி வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். அதனால் அழாமல், மாற்றிச் சொல்லாமல், ஒரே மாதிரிச் சொல்லப் பழகினோம். ஒரு சொல் மாறினாலும் "போன முறை வேற மாதிரிச் சொன்னீங்களே" என்பார்கள். நான் என் வாழ்க்கையில் ஆங்கிலத்தில் முதல் முதலாகப் பாடமாக்கியதும் அந்த வாக்குமூலத்தைத்தான்.

சொந்த அனுபவத்தை எழுது என்று தேர்வில் கேட்டதும் என் விரல்கள் பாடமாக்கியதை எழுதிவிட்டன. அண்ணாவைப் பற்றி வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இதில நீங்கள் எங்க இருக்கிறீங்கள்?" என்று டேனியல் ஆங்கிலத்தில் கேட்டான். நல்ல கேள்வி. படிவத்தில் முறைப்பாட்டாளர் என்ற இடத்தில் இருக்கிறேன் என்று சொல்லவில்லை.

4

அதே வகுப்பில் செல்வி என்றொருத்தி இருந்தாள். ஈரோட்டுக்காரி, பொயிண்ட் குக்கில் வீடு, பிசியோதெரபிஸ்ட். அவளுக்கும் கட்டுரையில்தான் அடி. அவளுடைய தமிழுக்கு நான் சிரிப்பேன், என்னுடையதுக்கு அவள் சிரிப்பாள். "நீங்க பேசறதக் கேட்டா கோவமா இருக்கீங்களா, கொஞ்சறீங்களான்னே தெரியலீங்க" என்பாள்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து போனில் கதைத்தபோது பெருமூச்சு விட்டாள். "நீங்க குடுத்து வெச்சவங்க சுபா. எங்கிட்ட எழுதறதுக்கு என்ன இருக்குது? எங்க வீட்ல யாரும் சாகக்கூட இல்லீங்க. எல்லாரும் சுகர் மாத்திரையப் போட்டுக்கிட்டுத் தெம்பா இருக்கறாங்க."

பிறகு, "அய்யய்யோ, என்ன பேசிட்டேன் நான்! செருப்பால அடிங்க என்னைய" என்று பதறினாள். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. உண்மையைத்தானே சொன்னாள். அவளிடம் இல்லாத சாமான் என்னிடம் இருக்கிறது. எனக்கு அதை விற்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வேறு எதையாவது எழுதித் தொலைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எழுதிப் பார்த்தேன். வந்த புதிதில் கடையில் பாஷை தடுமாறிய கதை எழுதினேன். பிள்ளை தமிழை விட்டு விலகிப் போகிற கதை எழுதினேன். ஸ்கான் அறையில் பேசாமல் இருக்கிற கதை எழுதினேன். எதை எழுதினாலும் மூன்றாவது பந்தியில் ஒரு சைக்கிள் வந்துவிடும். பந்தியை அழித்துவிட்டு வேறு எழுதினால் நான்காவது பந்தியில் நீலக் கட்டம் போட்ட ஷேர்ட் ஒன்று கொடியில் காயும். டேனியலே ஒரு முறை, "எல்லாவற்றிலும் அவர் வந்து நிற்கிறார், கவனித்தீர்களா?" என்று கேட்டான்.

கட்டுரையில் மட்டுமல்ல. அந்த மாதங்களில் ரயிலில் போகும்போது முன் இருக்கையில் யாராவது பெடியனின் பிடரியைப் பார்த்தால் என் இறங்குமிடம் தப்பிவிடும். எழும்பி நின்று முகத்தைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. பார்த்தால் இருபது இருபத்தொரு வயதாக இருக்கும். அண்ணா இருந்தால் இன்றைக்கு நாற்பது. நாற்பது வயது ஆளை ஒரு முறைகூட நான் எழும்பிப் பார்த்ததில்லை. பயமாக இருந்தது. அவனைத் தேடுகிறேனா, அவன் என்னைப் பின்தொடர்கிறானா என்றே தெரியவில்லை.

"சரி, ரமணனையே எழுதுங்கள். ஆனால் அவருக்கு என்ன நடந்தது?" என்றான் டேனியல்.

"தெரியாது."

"அப்படி விட முடியாது சுபா. திருத்துகிறவர் ஒரு நாளில் எத்தனையோ கட்டுரை வாசிப்பார். அவருக்கு ஒரு முடிவு வேண்டும். உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. யாரும் சரிபார்க்கப் போவதில்லை."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கமராவை நிறுத்திவிட்டேன். யாரும் சரிபார்க்கப் போவதில்லையாம்! இத்தனை வருடமாக, யாராவது ஒருவர் சரிபார்க்க மாட்டாரா என்றுதானே படி ஏறினோம்.

ஆனால் அவன் சொன்னது சரி. அதுதான் இன்னும் எரிச்சல். முடிவு எழுதாவிட்டால் மறுபடியும் ஐம்பத்தொன்று. எழுதுவதென்றால், என் அம்மா கையெழுத்து வைக்க மறுத்ததை நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

5

கதவைத் திறந்தால் அம்மா நிற்கிறார்.

"உந்தப் பெடியன் ஏன் என்ர பிள்ளையின்ர பேரைச் சொல்லுறான்?"

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் டேனியலின் வாயில் நசுங்கி வந்த அந்தப் பெயர் மட்டும் கதவுக்கு அந்தப் பக்கம் விளங்கியிருக்கிறது. பொய் சொல்ல மனம் வரவில்லை. முழுவதையும் சொன்னேன். கட்டுரை, ஐம்பத்தொன்று, பொலிஸ் ரிப்போர்ட் என்றது, முடிவு வேண்டும் என்றது. ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அம்மா பிட்டு அவிக்கிறதை இறக்கி வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"எழுதினதை வாசி பாப்பம்."

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கி வாசித்தேன். உயரம், நிறம், நேரம், ஷேர்ட், சைக்கிள். அம்மா பாதியிலேயே கையை ஆட்டினார்.

"இதைத்தானேயடி அங்கயும் சொன்னனாங்கள். மார்க்ஸ் எப்பிடிப் போடுவாங்கள்?" பிறகு, "அது உன்ர சைக்கிள் எண்டு எழுதேல்லயே?" என்றார்.

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அன்றைக்கு அண்ணாவின் சைக்கிளில் காற்று இல்லை. என் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். லேடீஸ் சைக்கிள். முன்னுக்குக் கூடை வைத்த சிவப்புச் சைக்கிள்.

"ஒரு மணித்தியாலம் என்னோட சண்டை பிடிச்சவன், தெரியுமே? பெட்டையளின்ர சைக்கிள்ல போனா ரியூசன்ல பட்டம் வைப்பாங்கள் எண்டு. கூடையைக் கழட்டித் தா எண்டு நிண்டான். கழட்டுற சாவி இல்ல. கடைசியில கொப்பிகளைக் கூடைக்குள்ள போட்டு மேல துவாயால மூடிக்கொண்டு போனான். கூடை தெரியக் கூடாதாம்!" அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். "துவாயால மூடினால் கூடை தெரியாதோ? விசரன்!"

நானும் சிரித்தேன். இத்தனை வருடத்தில் அண்ணாவை நினைத்து நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. எந்த அலுவலகத்திலும் யாரும் அவனுடைய துவாயைப் பற்றிக் கேட்டதில்லை. சைக்கிள் யாருடையது என்று கேட்டார்கள், என்னுடையது என்றதும் அதற்குத் தனியாக ஒரு முறைப்பாடு எழுதி, களவுபோன சைக்கிளுக்கு என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

மிதுனா சத்தம் கேட்டு வந்து, "வாட்ஸ் ஸோ ஃபனி?" என்றது. உன் மாமாவின் கதை என்றேன். சுவரில் இருந்த படத்தை ஒரு தரம் பார்த்தது. "தி ஒன் இன் ஜஃப்னா?" என்று கேட்டுவிட்டுப் பிட்டில் ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஊரில் இருக்கிற ஒரு மாமா என்று அது இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறது. நாங்கள் யாரும் வேறு மாதிரிச் சொல்லவில்லையே, அது என்ன செய்யும்.

பிள்ளை போனபின் அம்மா குரலைத் தாழ்த்தினார். "என்ன முடிவு கேக்கிறாங்கள்?"

"செத்திட்டான் எண்டோ, வந்திட்டான் எண்டோ."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"வந்திட்டான் எண்டு எழுதாதை. அது அவன் வரேக்குள்ள எழுதலாம்."

"அப்ப?"

"செத்திட்டான் எண்டே எழுது. இங்கிலீசிலதானே? இங்கிலீசில எழுதினா எங்களுக்குச் சேராது. அங்க தமிழில எழுதித்தான் கையெழுத்துக் கேட்டவங்கள். நான் வைக்கேல்ல. இது வேற."

எழும்பிப் போனவர் வாசலில் நின்று திரும்பினார்.

"ஒண்டு பிள்ளை. ஆரும் அவனை அடிச்சுக் கொன்றவங்கள் எண்டு மட்டும் எழுதிப்போடாதை."

6

இந்தத் தேர்வில் கட்டுரைப் பகுதியை வீட்டில் இருந்தே எழுதலாம். எங்கோ ஒரு நாட்டில் இருக்கிற கண்காணிப்பாளர் கமரா வழியாக நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த முறை வந்தது ஒரு பெண் குரல். என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருக்கிறது. அதனால் "மிஸ் கந்தசாமி" என்று செத்துப்போன அப்பாவைக் கூப்பிட்டாள். யெஸ் என்றேன். இந்த நாட்டில் எனக்கு அது பழகிவிட்டது.

மடிக்கணினியைத் தூக்கி அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னாள். சுவரைக் காட்டினேன், மேசைக்கு அடியைக் காட்டினேன், கட்டிலுக்குக் கீழே காட்டினேன். பிறகு வழக்கமான கேள்வி.

"அறையில் உங்களைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா?"

"இல்லை" என்றேன். ஏனோ திரும்பி ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

இவரும் மிதுனாவும் நூலகத்துக்குப் போய்விட்டார்கள். அம்மா மட்டும் வீட்டில். யாரும் கதவைத் தட்டிவிடக் கூடாது, தட்டினால் தேர்வை நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லியிருந்தேன். அம்மா குசினிக் கதிரை ஒன்றைத் தூக்கிவந்து என் அறை வாசலில் போட்டுக் காவலுக்கு இருந்தார். கதிரைக்கால் தரையில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

என்ன தலைப்பு வந்தது என்று சொல்லக்கூடாது என்று முதலிலேயே சம்மதம் வாங்கிவிடுகிறார்கள், அதனால் சொல்லவில்லை. அது எதுவாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

சிவப்புச் சைக்கிளில் இருந்து தொடங்கினேன். கூடை, துவாய், அம்மாவோடு சண்டை. அண்ணா படலையைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்த்து, சைக்கிள் உன்னைப்போலவே முக்குகிறது என்று பழித்துவிட்டுப் போனான். அது நடந்ததா, நான் இட்டுக்கட்டியதா என்று இப்போது எனக்கே தெரியாது. ஆனால் எழுத எழுத அவன் ஒழுங்கையில் போய்க்கொண்டே இருந்தான். சந்தி வந்தது. என் கை நின்றுவிட்டது.

அந்த இடத்தில்தான் எல்லா வாக்குமூலமும் முடியும். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் என்னிடம் இல்லை. திரையின் மூலையில் நேரம் போய்க்கொண்டிருந்தது.

நான் அவனைச் சந்தியில் திருப்பினேன். ரியூசனுக்கு விடாமல் வீட்டுக்குத் திரும்ப வைத்தேன். "தலையிடிக்குது அம்மா" என்று வந்து படுத்தான். காய்ச்சல். டெங்கு. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். சன்னலோரக் கட்டில் கொடுத்தேன். வெள்ளை விரிப்பு, சுத்தமானது. சேலைன் ஏற்றினேன். அம்மாவைத் தலைமாட்டில் இருத்தினேன், அப்பாவைக் கால்மாட்டில். அவனுக்கு ஒரு டாக்டரையும் கொடுத்தேன். அவர் ஒளித்து மறைக்காமல், பக்கத்தில் இருந்து, எங்களுக்கு விளங்குகிற தமிழில் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணாவுக்கு நோவு இல்லாமல் பார்த்துக்கொண்டேன். யாரும் அவனை அதட்டவில்லை. யாரும் கண்ணைக் கட்டவில்லை. விடிகிற நேரம் அம்மாவின் கையைப் பிடித்தபடி, சைக்கிளை எங்கே விட்டேன் என்று கேட்டான். வீட்டில் நிற்குது என்று அம்மா சொன்னார். பிறகு போய்விட்டான்.

அதோடு விட முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முற்றத்தில் பந்தல் போட்டேன். பறை அடிப்பவர்களைக் கூப்பிட்டேன். ரியூசன் பெடியன்கள் எல்லோரும் வெள்ளை ஷேர்ட்டோடு வந்து தூக்கினார்கள். அப்பா கொள்ளி வைத்தார். என் அண்ணாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

கண்ணீர் வந்து எழுத்துத் தெரியவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினேன். உடனே காதுக்குள் அந்தப் பெண் குரல் வந்தது.

"தயவுசெய்து முகத்தை மறைக்காதீர்கள். முகம் எங்களுக்குத் தெரிய வேண்டும்."

கையை எடுத்துவிட்டு, கமராவைப் பார்த்துக்கொண்டே அழுதேன். வாசலில் கதிரை ஒரு முறை கிறீச்சிட்டது. அம்மாவுக்குக் கேட்டிருக்கும். ஆனால் கதவைத் தட்டவில்லை.

நேரம் முடிந்து வெளியே வந்தபோது, "எழுதிப்போட்டியே?" என்றார். "ஓம்" என்றேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார்.

7

மார்க் வந்தபோது பின்னேரம். நல்ல வெயில். பின்வளவில் அம்மா கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

கட்டுரைக்கு எழுபத்துநான்கு. மற்றவையும் நன்றாக வந்திருந்தன. நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று டேனியல் வரிசையாக ஆச்சரியக்குறி போட்டு அனுப்பியிருந்தான். செல்வி போனில் கத்திய சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவளுக்கும் கூடியிருந்தது. கடைசியில் தன் மாமனாரின் சுகர் மாத்திரையைப் பற்றித்தான் எழுதினாளாம்.

நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா குழாயை நிறுத்தினார். சந்தோசம்தான், முகத்தில் தெரிந்தது. ஈரக் கையால் என் கன்னத்தைத் தொட்டார்.

"அப்ப, அவங்கள் நம்பிட்டாங்களோ?"

"நம்பிட்டாங்கள் அம்மா."

"என்னெண்டு எழுதினனி?"

இத்தனை மாதமும் கேட்காததை அப்போதுதான் கேட்டார்.

"காய்ச்சல் எண்டு."

"கனநாள் கிடந்தவனோ?"

"இல்ல. மூண்டு நாள்."

"நான் பக்கத்தில நிண்டனானோ?"

"நிண்டனீங்கள். உங்கட கையைப் பிடிச்சுக்கொண்டுதான் கிடந்தவன்."

"கொப்பர்?"

"அப்பாவும் நிண்டவர்."

அம்மா தலையை ஆட்டினார். மெதுவாக, திரும்பத் திரும்ப ஆட்டினார். பிறகு குழாயைச் சுருட்டி அதன் இடத்தில் மாட்டிவிட்டு உள்ளே போனார். தேத்தண்ணி போடப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. காலையில் குளித்தவர் பின்னேரத்தில் ஏன் குளிக்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அது ஷவரின் சத்தமும் இல்லை. வாளியில் நிரப்பி, தலையில் ஊற்றுகிற சத்தம். ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று.

செத்தவீட்டுச் செய்தி வந்தால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் முழுகுவார்கள்.

அம்மா வெளியே வந்தபோது நரைத்த தலைமயிர் அவிழ்ந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது. துவட்டவில்லை. அழவும் இல்லை. கையில் எனக்கென்று ஒரு துவாய் வைத்திருந்தார்.

"நீயும் போய் முழுகு, பிள்ளை."